எண்ணெய்த் தொட்டியை எடுத்த பின்னர் மண்ணைத் தூய்மை செய்தல்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலைமீது வாழ்வோர்க்கு வேண்டிய பெட்ரோலும் டீசலும் லாரிகளில்தான் மேலே வந்து சேருகின்றன. இவ்வாறு வந்த எண்ணெய் முழுவதும் எஞ்சின்களில் எரிந்து புகையாய்ப் போய்விடுகின்றது என்பதே நம்மில் பலருடைய எண்ணம். உண்மை அவ்வாறன்று. ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கித் தங்கிவிடுகின்றது. காப்பிப் பழம் உரிக்கும் பல்பர் இயந்திரத்தை ஆயில் எஞ்சின் கொண்டு ஓட்டிய காலத்தில் தோட்டங்களில் புதைத்த தொட்டிகள் உண்டு. பழைய மோட்டார்க் கொட்டகைகளிலும் விற்பனை நிலையங்களிலும் புதைத்தவை உண்டு. இரும்புத் தொட்டி ஈரமண்ணில் கிடந்தால் நாளடைவில் துருப்பிடித்துப் பொத்தலாகும் என்பதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தொட்டி பழுதானால் அதனை எடுத்துவிட்டு வேறு வைக்கின்றனர். தொழில் நின்றுபோனால் எடுத்துப் பழைய இரும்புக் கடைக்கு விற்றுவிடுகின்றனர். குழியை மூடியதும் காரியம் முடிந்ததாகக் கருதப்படுகின்றது. இக்கட்டுரை அக்குழியைப் பற்றியது. தொட்டியை எடுப்பதற்கும் குழியை மூடுவதற்கும் இடையே பஞ்சாயத்து செய்ய வேண்டுவது யாது என்பதை, நமது அனுபவத்தில் கண்டவற்றையும் பிற ஊர்களில் நடந்தவற்றையும் கொண்டு இங்கே எடுத்துக் கூறுகின்றோம்.

முதலில் நமது பிழையைச் சொல்லிவிடுதல் முறை. சில ஆண்டுகளுக்கு முன் இம்மலையில் ஒரு தோட்டத்தில் பழைய டீசல் தொட்டியொன்றைப் பொக்லைன் வைத்துத் தோண்டி எடுத்தனர். செய்தி நமக்கு எட்டி, நாம் அங்குச் சென்றது மூன்றாம் நாள். குழி செம்மண்ணால் மூடப்பட்டு, மேலே சமன் செய்யப்பட்டு, பார்ப்பதற்கு அழகாயிருந்தது. கோப்பில் இரண்டு வரி எழுதிவிட்டுத் திரும்பினோம். அவ்வாண்டு ஐப்பசி மழை வலுத்தபோது, அத்தோட்டத்துக்குக் கீழ்ச்சரிவில் உள்ள மலையாளிக் குடியிருப்பிலிருந்து ஒரு மூதாட்டி நமது அலுவலகத்துக்கு வந்தார். "அய்யா, சோத்துல லாரி வாடை அடிக்குதுங்க" என்றார். அவ்வூரார் குடிநீர் எடுப்பது ஓர் ஊற்றில். நாம் கோப்பில் எழுதிய இரண்டு வரிகளின் மதிப்பு அன்று நமக்குத் தெரிந்தது.

எண்ணெய் எவ்வாறு ஊற்றை அடைகின்றது?

வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் கசியும் தொட்டியை எவரும் பெரிதாக மதியார். ஆயினும் 20 சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று கொண்டால், நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேலும், ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,500 லிட்டரும் மண்ணில் இறங்கியிருக்கும். இறங்கிய எண்ணெயின் ஒரு பங்கை மண்துகள்கள் பற்றிக்கொள்கின்றன. ஒரு பங்கு ஆவியாகி மண்ணின் இடுக்குகளில் நிற்கின்றது. எஞ்சியது கீழே சென்று நிலத்தடி நீரைத் தொட்டதும், நீரைவிட இலேசானதாகையால் அதன்மேல் மிதந்து பரவுகின்றது. அதிலிருந்து பென்சீன் முதலிய சில பொருள்கள் நீரில் கரைந்து நீரோடு செல்கின்றன.

சமவெளியில் இவ்வோட்டம் பெரும்பாலும் மெதுவாகவே நடைபெறும். சேர்வராயன் மலையில் நிலைமை வேறு. இங்கே மேல்மண்ணுக்கு அடியில் இருப்பது சார்னோகைட் என்னும் கடும்பாறை. பாறைக்குள் நீர் புகாது. ஆனால் பாறையின் வெடிப்புகளில் வாய்க்காலில் ஓடுவதுபோல் ஓடும். மழை நீர் எவ்வழியே ஊற்றுக்கு வருகின்றதோ அவ்வழியே எண்ணெயும் வரும். வெடிப்பு எத்திசையில் செல்கின்றது என்பதை மேலிருந்து பார்த்துச் சொல்ல இயலாது. அன்றியும் இம்மலையில் விழும் மழை இம்மலைக்கு மட்டும் உரியதன்று. ஏற்காட்டு ஏரியின் உபரி நீர் கிளியூர் அருவியாக விழுகின்றது. வாணியாறு இங்கே தோன்றித் தென்பெண்ணையைச் சேர்கின்றது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரியைச் சேர்கின்றன. இரண்டு பெரிய ஆறுகளுக்குத் தலைமாட்டில் நாம் குடியிருக்கின்றோம்.

பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது. குடிநீரில் அது லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. நம் நாட்டில் விற்கப்படும் பெட்ரோலில் 100-க்கு 1 பங்கு வரை பென்சீன் இருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் 8 லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட நீரை அவ்வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவரப் போதுமானது. வாடை இல்லையாகில் தீங்கும் இல்லை என்று கருதுவதும் தவறு. பென்சீன் மட்டும் தனியே நீரில் இருக்குமாயின், மேற்படி வரம்பைப்போல் ஆயிரம் மடங்கு ஆன பின்னரே மூக்கு அதனை அறிகின்றது. டீசலில் பென்சீன் மிகக் குறைவு. ஆனால் அது எளிதில் ஆவியாகாமல் மண்ணில் நெடுநாள் தங்கும்.

தொட்டியை எடுக்கும் நாள்

அன்று முதற்கவலை மண்ணைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே கலைந்து போகாமல் குழியின் அடியில் தேங்கும். காற்றில் 100-க்கு ஏறத்தாழ 1.4 முதல் 7.6 பங்கு வரை இவ்வாவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும். முழுத் தொட்டியைவிடக் காலித் தொட்டியே அபாயமானது என்பதை அறியாமல், பழைய இரும்புக் கடையில் அதனைக் காஸ் வைத்து அறுக்கப் போய் உயிரிழப்போர் உண்டு. ஆதலால் எண்ணெயையும் அடிக்கசடையும் முற்ற இறைத்து, ஆவியை நீக்கி, நீக்கியாயிற்று என்று கருவி கொண்டு அளந்த பின்னரே தொட்டியை அசைக்க வேண்டும். உரிமம் பெற்ற தொட்டியாயின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புக்கு அறிவித்து, அவ்வமைப்பு கூறும் முறைப்படி செய்தல் கட்டாயம். குழிக்குள் எவரும் இறங்கலாகாது. பீடி கூடாது, வேடிக்கை பார்க்கும் சிறுவரைத் தொலைவில் நிறுத்த வேண்டும்.

அடிக்கசடு அபாயக் கழிவு ஆகும். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதி பெற்றவரிடமே அதனை ஒப்படைக்க வேண்டும். இத்தகைய கழிவுகளுக்கான நிலையம் நம் மாநிலத்தில் கும்மிடிப்பூண்டியில் உள்ளது. மலைச்சாலையின் ஓரம் கொட்டிவிட்டுப் போவது எளிது என்பதாலேயே இதனை இங்கு வலியுறுத்துகின்றோம்.

தொட்டி வெளியே வந்ததும் அதன் வயிற்றைப் பார்க்க வேண்டும். பொத்தலும் துருவும் எப்பக்கம் உள்ளனவோ, அதற்கு நேர் கீழே மண் கெட்டிருக்கும். பெரும்பாலும் எண்ணெய் ஊற்றும் வாய்க்கு அடியிலும் குழாய் இணைப்புகளுக்கு அடியிலும் கசிவு காணப்படும். தொட்டி நன்றாயிருந்து குழாய் மட்டும் கசிந்திருப்பதும் உண்டு. ஆகவே குழாய் சென்ற தடம் முழுவதையும் தோண்டிப் பார்த்தல் நலம். கெட்ட மண் கறுத்தோ சாம்பல் பச்சையாகவோ இருக்கும். செம்மண் பூமியில் இந்நிற வேறுபாடு கண்ணுக்கு உடனே புலப்படும்.

இரண்டு எளிய பரீட்சைகள் உள. சிறிது மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, பாதி நீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால், எண்ணெய் இருப்பின் மேலே வானவில் நிறப் படலம் படியும். ஊற்று நீரில் படலம் கண்டால் மட்டும் ஓர் எச்சரிக்கை: இரும்புச் சத்து மிகுந்த இம்மலை மண்ணில், இரும்பை உண்ணும் நுண்ணுயிர்களும் அதேபோன்ற மினுமினுப்பை உண்டாக்கும். ஒரு குச்சியால் அதனைக் கிழித்துப் பார்க்க வேண்டும். சில்லுசில்லாக உடைந்து அவ்வாறே நின்றால் இரும்பு. கிழிந்த இடம் மீண்டும் ஒன்றுகூடினால் எண்ணெய். குச்சிப் பரீட்சையை அறியாமையால் நல்ல சுனையை விட்டு விலகியவர்களையும், கெட்ட சுனையை நம்பியவர்களையும் நாம் கண்டிருக்கின்றோம்.

இப்பரீட்சைகள் ஐயத்தை எழுப்பத்தான் உதவும், தீர்க்க உதவா. குழியின் அடியிலும் நான்கு சுவர்களிலும் மாதிரி எடுத்து, கண்ணாடிப் புட்டியில் காற்று நிற்க இடமின்றி நிரப்பி, இறுக மூடி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். இங்கே உழவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் வழக்கமாக மண் பரிசோதனைக்கு அனுப்பும் கூடம் தழை, மணி, சாம்பல் சத்துகளையும் கார அமில நிலையையும் சொல்லும், பெட்ரோலைச் சொல்லாது. அதற்கு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் சேலம் அலுவலகத்தை அணுகித் தக்க ஆய்வுக்கூடத்தைக் கேட்டறிதல் வேண்டும். முடிவு வரும்வரை குழி திறந்தே இருக்கட்டும். சுற்றிலும் வேலி, மேலே தார்ப்பாய், மழைநீர் புகாதபடி மேட்டுப் பக்கம் ஒரு வரப்பு. தொட்டியின் சொந்தக்காரர் அவசரப்படுவார். அவருக்கு ஒரு நாள் பொக்லைன் வாடகை பெரிதாகத் தோன்றும். குழி மூடப்பட்ட பின் மீண்டும் தோண்டுவதற்கு ஆகும் செலவை அவரிடம் கணக்கிட்டுக் காட்டலாம். நமது அனுபவத்தில், இவ்வாதம் சட்டத்தைக் காட்டுவதைவிட விரைவில் பலிக்கின்றது.

மண்ணைத் தேற்றும் முறை

கெட்ட மண் சிறிதளவே எனில், நல்ல மண் தென்படும்வரை தோண்டி எடுத்துவிடலாம். எடுத்த மண்ணைத் தோட்டத்தில் பரப்புவதோ, சாலைப் பள்ளத்தை நிரப்புவதோ, வீட்டுக் கடைக்காலுக்குப் போடுவதோ கூடாது. சோப்புத்தூள் கரைத்து ஊற்றினால் எண்ணெய் 'போய்விடும்' என்று சிலர் சொல்வர். போகும், நேராக ஊற்றுக்கே போகும். தீயிட்டு எரிப்பதும் ஆபத்து.

எண்ணெயை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் மண்ணில் இயற்கையாகவே உள்ளன. அவற்றுக்குக் காற்றும் ஈரமும் சத்தும் கொடுத்தால், எண்ணெயைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடும். டெல்லியிலுள்ள டெரி நிறுவனத்தார் இவற்றுள் வல்லமை மிக்கவற்றைத் தேர்ந்து, 'ஆயில்ஜாப்பர்' என்ற பெயரில் வளர்த்து, எண்ணெய் நிறுவனங்களின் பெரிய கசடுக் குழிகளைத் தூய்மை செய்யப் பயன்படுத்தியுள்ளனர். ஒரு சிறு டீசல் தொட்டியின் மண்ணுக்கு விலை கொடுத்து நுண்ணுயிர் வாங்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.

வாரியத்தின் ஒப்புதல் பெற்ற பின், குடியிருப்புக்கும் ஓடைக்கும் விலகிய சமதளத்தில் கனமான பிளாஸ்டிக் விரிப்பை இட்டு, சுற்றிலும் கரை கட்டி, மண்ணை ஓர் அடி முதல் ஒன்றரை அடி கனத்துக்குப் பரப்ப வேண்டும். கார்பன் 100 பங்குக்குத் தழைச்சத்து 10 பங்கும் மணிச்சத்து ஒரு பங்கும் வேண்டும் என்பது கணக்கு. உழவர் மொழியில் சொன்னால், மண்ணில் உள்ள ஒவ்வொரு கிலோ எண்ணெய்க்கும் ஏறக்குறைய 180 கிராம் யூரியாவும் 120 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் ஆகும். இதனை ஒரே தடவையில் கொட்டினால் நுண்ணுயிர்கள் மடியும். பல தவணைகளாக இட வேண்டும். இம்மலை மண் புளிப்பு மிக்கது. காப்பிக்குச் சுண்ணாம்பு இடுவதுபோல் இதற்கும் இட்டு, கார அமில நிலையை 6-க்கும் 8-க்கும் இடையில் வைத்தல் அவசியம். ஈரம் எவ்வளவு எனில், ஒரு பிடி மண்ணைப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், நீர் சொட்டலாகாது. வாரம் ஒருமுறை மண்வெட்டியாலோ பவர் டில்லராலோ புரட்டிவிட வேண்டும். புரட்டுவோருக்குக் கையுறையும் முகமூடியும் கொடுத்தல் வேண்டும். சாணத்தைக் கரைத்து ஊற்றினால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. சாணம் நல்லதே, ஆனால் புரட்டாமல் ஊற்றிய சாணம், உழாமல் விதைத்த விதையை ஒக்கும்.

100 கிலோ மண்ணில் 5 கிலோவுக்கு மேல் எண்ணெய் இருந்தால் இம்முறை நேரடியாகப் பலிக்காது. பெட்ரோல் விரைவில் நீங்கும். அதில் பெரும்பகுதி உண்ணப்படுவதில்லை, காற்றில் பறந்துவிடுகின்றது என்பதையும் மறைத்தல் கூடாது. டீசலுக்குப் பல மாதங்களும், கழிவு எஞ்சின் ஆயிலுக்கு அதனினும் நெடுங்காலமும் ஆகும். மழைக்காலத்தில் குவியலை மூடியே வைக்க வேண்டியிருப்பதால், மலையில் இப்பணிக்கு உகந்தது தை முதல் சித்திரை வரை. காப்பியைப் பூக்க வைக்கும் கோடை மழை இடையில் வரும். தார்ப்பாய் கைவசம் இருக்கட்டும்.

பாறை வெடிப்புக்குள் சென்ற எண்ணெயை மண்வெட்டி எட்டாது. குழாய் இறக்கி ஆவியை உறிஞ்சுதல், நீரை இறைத்து வடிகட்டுதல் முதலிய முறைகள் உண்டு. அவை வல்லுநர் பணி, செலவும் மிகுதி.

பிற ஊர்களின் படிப்பினை

இது மலைக்கு மட்டும் உரிய தொல்லை என்று எண்ணலாகாது. 2013-ஆம் ஆண்டில் சென்னைத் தண்டையார்பேட்டையில் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் நீருடன் எரிஎண்ணெய் வந்தது. துறைமுகத்திலிருந்து பாரத் பெட்ரோலியக் கிடங்குக்கு நிலத்தடியே சென்ற குழாயின் கசிவே காரணம் எனக் கண்டறியப்பட்டது. வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குச் சென்றது. குழாயைச் சரிசெய்வது ஒரு வேலை. மண்ணிலும் நீரிலும் ஏற்கெனவே இறங்கிவிட்டதை எடுப்பது வேறொரு வேலை. அமெரிக்காவில் 1980-களில் நிலத்தடித் தொட்டிகளுக்குச் சட்டம் செய்து தேடத் தொடங்கியதும், இன்றுவரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகள் வெளிப்பட்டுள்ளன. தேடாதவரை அங்கும் எவருக்கும் தெரியாமலே இருந்தன.

மலைச்சரிவில் மண்ணைத் தூய்மை செய்வது எத்துணை நீண்ட காரியம் என்பதற்குக் கொடைக்கானலே சான்று. அங்கே கெடுத்தது எண்ணெயன்று, பாதரசம். இந்துஸ்தான் லீவரின் வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. 2003-இல் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. கழிவைக் கப்பலில் ஏற்ற இரண்டு ஆண்டுகள் போதுமாயிருந்தன. தொழிற்சாலை வளாகத்து மண்ணுக்கோ, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் பாதரசம் எஞ்சியிருக்கலாம் என்ற வாதமே ஆண்டுக்கணக்கில் நீண்டது. 20 மில்லிகிராம் என்று வரையறுத்தபோது அது போதாது என்றனர் ஊரார். மேலும் தோண்டினால் மரங்கள் போய்ச் சரிவு கரையும் என்றனர் மறுசாரார். இரு சாராரின் கவலையிலும் பொருள் இருந்தது. சரிவில் ஆழமாகத் தோண்டத் துணியும் எவரும், கரையும் மண் எங்கே போய்ச் சேரும் என்பதையும் உடன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பஞ்சாயத்தின் கையில் உள்ளவை

2025 ஜூலையில் மத்திய அரசு, மாசடைந்த இடங்களை மேலாண்மை செய்வதற்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. ஐயத்துக்குரிய இடங்களைக் கண்டறிந்து அறிவிக்கும் பொறுப்பு அவற்றின்படி உள்ளாட்சிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் உண்டு. அறிவித்த 90 நாட்களுக்குள் மாநில வாரியம் முதனிலை மதிப்பீடு செய்ய வேண்டும். மாசு உறுதியானால் அதற்குக் காரணமானவரே தூய்மைச் செலவை ஏற்க வேண்டும். ஆகவே அங்கத்தினர்கள் தம் ஊரில் எங்கெங்கே தொட்டிகள் புதைந்துள்ளன, எங்கே புதைந்திருந்தன என்பதை முதியோரிடம் கேட்டு ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தல் முதல் வேலை. பழைய ஓட்டுநர்களும் தோட்ட மேஸ்திரிகளும் இதனை நன்கு அறிவர். அவர்களும் போய்விட்டால் கேட்க ஆள் இராது. தொட்டி எடுப்பதற்கு முன் ஊராட்சிக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் செய்யலாம். கீழ்ச்சரிவில் உள்ள ஊற்றுகளின் நீரைத் தொட்டி எடுக்கும் முன்னரே ஒருமுறை பரிசோதித்து வைத்தால், பின்னர் 'இது முன்பே இருந்தது' என்ற வழக்கு எழாது.

நாம் தொடக்கத்தில் கூறிய குழியை அடுத்த தை மாதத்தில் மீண்டும் திறந்தோம். செம்மண்ணுக்கு அடியில் கரி போன்ற மண். அதன் கீழே வெடித்த பாறை. மண்ணை எடுத்துப் பரப்பி, மேற்சொன்னவாறு புரட்டி வந்தோம். பாறையில் தேங்கியதை இயன்றவரை இறைத்தோம். அக்குடியிருப்புக்கு லாரி நீர் கொடுத்த செலவு ஊராட்சியின் தலையில் விழுந்தது. இரண்டாம் ஆண்டின் இறுதியில் ஊற்று நீர் வரம்புக்குள் வந்துவிட்டதென ஆய்வுக்கூடம் எழுதியது. அச்சீட்டை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினோம். அம்மூதாட்டி வந்து அதனைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தோம். "நல்லதுங்க அய்யா" என்று சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு, அரை மைலுக்கு அப்பாலுள்ள மேலூற்றுக்கு நடந்தார்.